‘ஒரு பட்டன்தானே, தம்பி?’ சாப்ட்வேர் கம்பெனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கல்லூரி ப்ராஜெக்டில் நீங்கள் திருப்திப்படுத்த வேண்டியது ஒரே ஒருவரைத்தான். மார்க் போடுபவர் தலையாட்டிவிட்டால் கதை முடிந்தது. கம்பெனிக்கு வந்த இரண்டாவது வாரமே நிலைமை மாறிவிடும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு சேல்ஸ்காரர் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ஒரு பட்டன்தானே தம்பி, திங்கக்கிழமை டெமோவுக்குள்ள வச்சிரலாமா?" என்பார். டெஸ்டிங்கில் இருப்பவர் உங்கள் போன வார வேலையில் ஏழு பக் (பிழை) கண்டுபிடித்து எழுதி அனுப்பியிருப்பார். சப்போர்ட்டில் இருக்கும் அக்கா, "முதல்ல அந்தப் பிரிண்டர் பிரச்சினையைப் பாருங்க, காலையிலேர்ந்து திட்டு வாங்கிட்டிருக்கேன்" என்பார். மூன்று பேர் சொல்வதும் நியாயம்தான். அதுதான் சிக்கலே.

நான் பதினைந்து வருடமாகக் கடைகளுக்கான பில்லிங் சாப்ட்வேர் எழுதுகிறேன். கீழே வரும் உதாரணங்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தவை. நீங்கள் ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ எழுதினாலும் படிகள் பெரிதாக மாறாது. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் மாறுவார்.

முதல் படி: யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார்

ஒரு வேலை வந்ததும் கோட் எழுதும் எடிட்டரைத் திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, இதனால் யாருக்கு லாபம், யாருக்குத் தொந்தரவு என்று எழுதுங்கள். சேல்ஸுக்கு மாதக் கடைசி டார்கெட். முதலாளிக்கு அடுத்த வருடச் சந்தா புதுப்பிப்பு. சப்போர்ட்டுக்கு போன் மணி குறைய வேண்டும். ஆடிட்டருக்குக் கணக்கு பைசா சுத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். புதிதாகப் படித்த ஃப்ரேம்வொர்க்கை (கோட் எழுத உதவும் ஆயத்தக் கட்டமைப்பை) எங்காவது நுழைத்துப் பார்க்கும் ஆசை உங்களுக்கும் இருக்கும். அதற்குத் ‘தரம்’ என்று பெயர் வைத்துக் கூட்டத்தில் பேசியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் பேசியிருக்கிறேன்.

இதில் புதியவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பணம் கொடுப்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே ஆள் கிடையாது. ஒருமுறை ஒரு மளிகைக் கடை முதலாளி, பில்லைச் சேமிக்கும் முன் ‘சரிதானா?’ என்று கேட்கும் ஒரு பெட்டி திரையில் வரவேண்டும் என்றார். ஆட்கள் நிறையத் தப்பு செய்கிறார்களாம். அரை மணி நேர வேலை, செய்து கொடுத்தோம். பத்து நாள் கழித்து அந்தக் கடைக்குப் போய் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். பில் போடும் பெண் திரையையே பார்க்கவில்லை. பார்கோடு, பார்கோடு, பார்கோடு, எஃப் 8, என்டர், என்டர். அந்த இரண்டாவது என்டர் எங்கள் பெட்டிக்கு. கண் இமைப்பதற்குள் வந்து போனது. "இது எதுக்கும்மா வருது?" என்று கேட்டேன். "தெரியல சார், அடிச்சா போயிடுது" என்றார். நாளைக்கு அறுநூறு பில் ஓடும் கடை. அறுநூறு வீண் என்டர், குறைந்த தப்பு ஒன்றும் இல்லை.

முதலாளியிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் பயந்தது தட்டச்சுப் பிழைக்கு இல்லை. பில்லைப் போட்டுக் காசை வாங்கிக்கொண்டு, ஆள் போனபின் பில்லை ரத்து செய்துவிடுகிறார்களோ என்ற சந்தேகம் அவருக்கு. ரத்தான பில்களின் பட்டியல் தினமும் ராத்திரி அவர் போனுக்குப் போகிற மாதிரி செய்தோம். பெட்டியை எடுத்துவிட்டோம். இருவருக்கும் நிம்மதி. சண்டை போடுவதுபோல் தெரியும் இரண்டு தேவைகளில் பாதி, கேள்வியை இன்னொரு முறை கேட்டாலே சமாதானமாகிவிடும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்கள் சாப்ட்வேர் ஓடும் இடத்துக்கு அரை நாள் போய் நின்று பாருங்கள். மேனேஜரிடம் கேட்டால் அனேகமாக அனுப்புவார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: தேதியைத் தட்டிப் பாருங்கள்

தேங்காயைத் தட்டி வாங்குகிறோம், டெட்லைனைத் தட்டாமல் வாங்குகிறோம். "அந்தத் தேதி தவறினால் என்ன ஆகும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிலில் ஒரு சட்டமோ, கையெழுத்தான ஒப்பந்தமோ, அபராதமோ இருந்தால் அது கெட்டித் தேதி. "எம்.டி.கிட்ட சொல்லிட்டேன்" என்பது பதிலாக இருந்தால் அது பேசித் தீர்க்கக்கூடியது.

கெட்டித் தேதி எப்படி இருக்கும் என்பதற்கு ஜிஎஸ்டியைவிட நல்ல வாத்தியார் எனக்குக் கிடைக்கவில்லை. 2017 நவம்பர் 10 அன்று குவாஹாட்டியில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, 28 சதவீதத்தில் இருந்த 170-க்கும் மேற்பட்ட பொருட்களை 18-க்கு இறக்கியது. அமலுக்கு வந்தது நவம்பர் 15. நடுவில் ஒரு சனி, ஞாயிறு. 2025-இல் கொஞ்சம் கருணை காட்டினார்கள். செப்டம்பர் 3 ராத்திரி அறிவிப்பு, 22 அன்று அமல், இடையில் 18 நாள். 12, 28 என்ற இரண்டு படிநிலைகளே போய், பெரும்பாலான பொருட்கள் 5, 18 என்று சுருங்கின. இந்தத் தேதிகளில் நீங்கள் பேரம் பேச முடியாது. 22-ஆம் தேதி காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது ஷாம்பூ 5 சதவீதத்தில் பில்லாக வேண்டும்.

பேரம் பேச முடிந்தது வேலையின் அளவில். அந்த 18 நாளில், ஆயிரக்கணக்கான பொருட்களுக்கு ஒரே நேரத்தில் வரி மாற்ற அழகான ஒரு திரை வேண்டும் என்றார்கள். எக்ஸெல் கோப்பை ஏற்றினால் மாறிக்கொள்கிற மாதிரி மட்டும் செய்தோம். பார்க்க மகா அசிங்கம். ஆனால் மீதி நேரம் முழுக்க டெஸ்டிங்குக்குப் போனது. நேரம் போதாதபோது அம்சத்தை வெட்டுங்கள், டெஸ்டிங்கை வெட்டாதீர்கள். அம்சம் இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும், யாரும் ஏமாற மாட்டார்கள். டெஸ்டிங் செய்யாதது மூன்று மாதம் கழித்து அடுத்தவர் கணக்கில்தான் தெரியும்.

மூன்றாம் படி: எதில் கை வைக்கக் கூடாது

தரம் என்ற சொல்லைக் கூட்டத்தில் சொல்லாமல் இருக்கப் பழகுங்கள். ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, இது கெட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பட்டன் கோணலாக இருந்தால் யாராவது முகம் சுளிப்பார். ரிப்போர்ட் மெதுவாக வந்தால் டீ குடித்துவிட்டு வருவார். பில் தொகை தப்பினால்?

என் பட்டியலில் நான்கு உண்டு: பணக் கணக்கு, பழைய பதிவுகள், சட்டம் கேட்கும் விவரங்கள், பூட்டு சாவி சமாச்சாரங்கள். கடைசியில் பாஸ்வேர்டு, யாருக்கு என்ன அனுமதி, பேக்கப் எல்லாம் அடங்கும். இந்த நான்கிலும் அவசரத்துக்காக விட்டுக்கொடுப்பதில்லை. மற்ற எதையும் பேசலாம். உங்கள் கம்பெனிப் பட்டியல் வேறாக இருக்கலாம். அதை அவசரம் வருவதற்கு முன்பே, எல்லோரும் அமைதியாக இருக்கும் நாளில், எழுதி ஒப்புக்கொள்ள வையுங்கள். நெருப்புப் பிடித்தபின் எது முக்கியமான சாமான் என்று விவாதிக்க முடியாது.

பணக் கணக்கில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 33.33 ரூபாய் மதிப்புள்ள மூன்று பொருட்கள், 5 சதவீத ஜிஎஸ்டி. அதில் பாதி, 2.5 சதவீதம், மத்திய வரி; மீதி மாநில வரி. ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகப் போட்டால் 0.83325 வரும், முழுமையாக்கினால் 83 பைசா, மூன்றுக்கும் 2.49. அதையே மொத்தம் 99.99-க்குப் போட்டால் 2.49975, அதாவது 2.50. ஒரு பைசா வித்தியாசம், மாநில வரியிலும் அதேபோல் ஒன்று. எந்த முறை சரி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், ஆடிட்டரைக் கேட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பில்லில் ஒரு முறை, ரிப்போர்ட்டில் இன்னொரு முறை என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அப்புறம், பணத்தை ஃப்ளோட்டில் (தசமத்தைத் தோராயமாக வைத்திருக்கும் எண் வகையில்) சேமிக்காதீர்கள். பைசாவாக முழு எண்ணில் வையுங்கள், அல்லது டெசிமல் வகையில்.

பழைய பதிவுகள் விஷயத்தில் நாங்களே அடி வாங்கினோம். 2017-இல் எங்கள் சாப்ட்வேரில் வரி சதவீதம் பொருளின் பதிவில் மட்டும்தான் இருந்தது. பில்லை எடுக்கும்போதெல்லாம் அங்கிருந்து படித்துக்கொள்ளும். வரிச் சதவீதத்தைப் பில்லிலேயே பொருளுக்குப் பொருள் சேமிக்க வேண்டும் என்று ஒரு பையன் சொன்னான், நேரமில்லை என்று தள்ளிவிட்டோம். நவம்பர் 15 அன்று ஷாம்பூவின் 28-ஐ 18 என்று மாற்றியதும், அதற்கு முன் போட்ட பழைய பில்களை மறுபடி அச்சிட்டாலும் 18 என்றே வந்தது. முந்தின வாரம் 28-க்கு விற்ற சரக்கு திரும்பி வந்தபோது, அதற்கான கிரெடிட் நோட்டும் (திரும்பிய சரக்குக்குத் தொகையைக் கழித்துத் தரும் சீட்டு) 18-இல் போனது. விற்றபோது என்ன வரியோ அதுதான் திரும்பும்போதும் வரவேண்டும். ஒரு ஆடிட்டர் போனில் கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்: "சார், போன வாரம் போட்ட பில்லு இந்த வாரம் எப்படி சார் மாறும்?" அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எங்களுக்குப் போனது சில ராத்திரித் தூக்கம் மட்டும். பிரிட்டிஷ் தபால் துறையின் ஹொரைசன் சாப்ட்வேர் 1999 முதல் கிளைகளுக்குப் போனது. கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியதை நம்பி, கிளை நடத்தியவர்கள் மீது திருட்டு வழக்குப் போட்டார்கள். 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கே போனார்கள். அந்தக் குறைவைக் காட்டக்கூடிய பக்குகள் சாப்ட்வேரில் இருந்தன என்று லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பரில். தண்டனைகளை ரத்து செய்ய 2024-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் யாராவது "ரெண்டு பைசாதானே" என்றால் நான் இந்தக் கதையைச் சொல்வேன். கொஞ்சம் அறுவைதான், தெரியும்.

நான்காம் படி: முடியாது என்று சொல்லாதீர்கள், விலை சொல்லுங்கள்

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குத் திரும்பி வருவோம். அவர் கேட்ட பட்டன், பில்லை வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் பட்டன் என்று வையுங்கள். புதியவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். பயந்துபோய்ச் "சரிண்ணே" என்று சொல்லிச் சனி, ஞாயிறு உட்கார்ந்து எதையோ ஒட்டவைப்பார்கள். அல்லது "அதெல்லாம் முறையா பண்ணணும், ஒரு மாசம் ஆகும்" என்று முறைப்பார்கள். இரண்டாவது ரகம் உள்ளே பெருமையாக இருக்கும். ஆனால் அடுத்த தடவை சேல்ஸ்காரர் உங்களிடம் கேட்காமலே வாடிக்கையாளரிடம் சத்தியம் செய்துவிட்டு வருவார்.

இப்படிப் பேசிப் பாருங்கள்:

"அண்ணே, ரெண்டு வழி இருக்கு. பட்டனை அழுத்தினா வாட்ஸ்அப் திறந்து, பில் விவரம் எழுதி ரெடியா நிக்கும். அனுப்புறதைக் கடைக்காரர்தான் அழுத்தணும். அரை நாள் வேலை, திங்கக்கிழமைக்குத் தர்றேன். தானா போகணும்னா வாட்ஸ்அப்பை நடத்துற மெட்டா கம்பெனிகிட்ட நம்பரைப் பதிவு பண்ணி, செய்தி வாசகத்துக்கு ஒப்புதல் வாங்கணும். செய்திக்கு இவ்வளவுன்னு காசும் ஆகும், அதை நாம கட்டுறதா கடை கட்டுறதான்னு நீங்கதான் சொல்லணும். அதுக்கு மூணு வாரத்திலேர்ந்து அஞ்சு வாரம்."

"தானா போற மாதிரியே டெமோவுல காட்டிர முடியாதா?"

"காட்டலாம்ணே. செவ்வாய்க்கிழமை அவர் கடையில வேலை செய்யலைன்னா போன் உங்களுக்குத்தான் வரும்."

அவர் சிரிப்பார். அனேகமாக முதல் வழியை எடுப்பார். இங்கே நீங்கள் எதையும் மறுக்கவில்லை, முடிவையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு வழிக்கும் என்ன விலை, அதை யார் கொடுப்பார்கள் என்று மட்டும் மேசையில் வைத்தீர்கள். வணிக முடிவு அவர்களுடையது. விலையை மறைக்காமல் சொல்வது உங்களுடையது. ‘ஒரு பட்டனுக்கு’ப் பின்னால் இருக்கும் ஒப்புதல், செலவு, அனுப்பத் தவறிய செய்தி எல்லாம் அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

நாளைச் சொல்லும்போது ஒற்றை எண்ணாகச் சொல்லாதீர்கள். "மூன்று வாரம்" என்றால் மூன்றாவது வாரத்தின் முதல் நாள் என்றுதான் காதில் விழும். சொல்வதற்கு முன் டெஸ்டிங்கில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருடைய நாட்களை நீங்களாகக் கணக்குப் போட்டால் பூஜ்யம்தான் போடுவீர்கள்.

ஐந்தாம் படி: கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுங்கள்

வேகமும் வேண்டும், ஆபத்தும் கூடாது என்றால் இதைவிட மலிவான வழி இல்லை. எல்லாக் கடைக்கும் ஒரே ராத்திரியில் போகாதீர்கள். முதலில் உங்களுக்கு நெருக்கமான ஐந்து கடைகள், போன் செய்து திட்டக்கூடியவர்களாகப் பார்த்து. இரண்டு நாள் கழித்து ஐம்பது. அப்புறம் மற்றவர்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை ஒருமுறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். எழுதி மட்டும் வைத்திருப்பது போதாது.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய கோட் ஏறியிருந்தது. விடுபட்ட ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய கோட் விழித்துக்கொண்டு கண்டபடி வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போனது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அதற்குப் பிறகுதான் அந்த வகை அப்டேட்களையும் கட்டம் கட்டமாக அனுப்பும் முறைக்கு வந்தார்கள். உங்களுடையது சின்னக் கம்பெனியாக இருக்கலாம். ஐந்து கடைக்கு முதலில் அனுப்புவதற்குப் பெரிய கம்பெனியாக இருக்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் வேண்டாம். கடைகளுக்கு எழுதுபவராக இருந்தால் தீபாவளிக்கு முந்தின வாரமும் வேண்டாம்.

ஆறாம் படி: உங்கள் பேச்சு எடுபடாதபோது

சில நேரம் விலையைத் தெளிவாகச் சொல்லியும், "பரவாயில்லை, இப்படியே போகட்டும்" என்பார்கள். அதுவும் அவர்கள் உரிமைதான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அறியாத காரணம் அவர்களுக்கு இருக்கலாம். அந்த மாதச் சம்பளத்துக்கே அந்த ஆர்டர்தான் வழி என்பது போன்ற காரணங்களை யாரும் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள். முடிவை நாலு வரியில் மெயிலாக எழுதுங்கள்: இன்று இப்படி முடிவானது, இதனால் இன்னது நடக்கலாம், நடந்தால் இன்னது செய்வோம். குத்திக்காட்டும் தொனி வேண்டாம். அடுத்தவர் படித்தால் புரிய வேண்டும், அவ்வளவுதான். எழுதியதும் முழு மனதோடு அந்த வேலையைச் செய்யுங்கள்.

மூன்றாம் படியின் நான்கில் ஒன்றைத் தொடச் சொன்னால் மட்டும் வேறு. கணக்கை மாற்றிக் காட்டு, பழைய பில்லைத் தடம் இல்லாமல் திருத்தும் வசதி கொடு என்று கேட்பவர்கள் உண்மையிலேயே உண்டு. "இதை நான் செய்ய மாட்டேன் சார்" என்று அமைதியான குரலில், ஒரே முறை சொல்லுங்கள். எனக்கு இரண்டு முறை அப்படிச் சொல்ல நேர்ந்தது. ஒரு முறை வாடிக்கையாளர் போனார். இன்னொரு முறை கேட்டவரே, "சும்மா கேட்டுப் பார்த்தேன்" என்றார்.

ஏழாம் படி: கடன் ஏடு

அவசரத்துக்குச் செய்த குறுக்குவழியை இன்று கடன் என்கிறோம். சாப்ட்வேரில் அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் வார்ட் கன்னிங்காம் என்ற அமெரிக்க ப்ரோகிராமர், 1992-இல். அவர் குழு எழுதிக்கொண்டிருந்தது முதலீட்டுக் கணக்கு சாப்ட்வேர், அதனால் அந்தத் துறைக்காரர்களுக்குப் புரியும் மொழியில் சொன்னார். மோசமாக எழுதலாம் என்று அவர் சொல்லவில்லை என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இன்றைக்குத் தெரிந்ததை வைத்து ஒழுங்காக எழுதி வெளியே விடு, புரிதல் வளர்ந்ததும் திரும்ப வந்து திருத்து என்பதுதான் அவர் சொன்ன கடன். நாம் பாதி நேரம் வாங்குவது கந்துவட்டி.

ஒரு பொதுக் கோப்பு போதும். தேதி, என்ன குறுக்குவழி, யார் ஒப்புக்கொண்டது, எது நடந்தால் இது கடிக்கும், சரிசெய்ய எத்தனை நாள். ஆறாம் படி மெயில்களும் அதில்தான் சேரும். ‘கோட் அசிங்கமாக இருக்கிறது’ என்று எழுதினால் யாரும் நாள் ஒதுக்க மாட்டார்கள். ‘அடுத்த வரி மாற்றத்தில் பழைய பில் எல்லாம் மாறும், சரிசெய்ய ஆறு வாரம்’ என்று எழுதினால் ஒதுக்குவார்கள். எங்களுக்கு 2018-இல் அப்படித்தான் ஆறு வாரம் கிடைத்தது. அந்த ஆறு வாரமும் சேல்ஸ் பக்கம் யாரும் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. வரிச் சதவீதத்தைப் பில்லிலேயே பொருளுக்குப் பொருள் சேமித்து, எந்தத் தேதியிலிருந்து எந்தச் சதவீதம் என்று தனிப் பட்டியல் போட்டோம். 2025 செப்டம்பர் 22 காலை சப்போர்ட் அக்காவுக்கு வந்த முதல் போன் பிரிண்டர் பற்றியது.

அந்த ஏட்டை எல்லோரும் சேர்ந்து பார்க்க மாதத்தில் ஒரு நாள் வேண்டும். நாங்கள் 21-ஆம் தேதி வைத்திருக்கிறோம். 20-உடன், மாதாமாதம் கணக்குக் கொடுக்கும் கடைகளுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி கணக்குப் படிவம்) தாக்கல் முடிந்து போன் அடங்கியிருக்கும், சேல்ஸின் மாதக் கடைசி ஓட்டமும் இன்னும் ஆரம்பித்திருக்காது. ஒரு மணி நேரம், டீயோடு. அன்றைக்கு ஒரு கடனையாவது அடைக்க ஆள் பெயரும் நாளும் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்போம்.